ஒரே வண்டியில் நான்கு சிவப்பு

மழை விட்ட சேற்றில் வழுக்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்தபோது எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. சீட்டுக்குக் கீழே தொடங்கிப் பின்னால் ஓடும் இடப்பக்க வால் பேனல் மட்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது. உதிரிபாகக் கடையில் கம்பெனி பேனலே நிறம் பூசிக் கிடைத்தது. என்னுடையது 2011ஆம் ஆண்டு பல்சர் 150 பைக்; நிறத்தின் பெயர் காக்டெயில் ஒயின் ரெட். பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது அதே நிறம்தான் என்று நினைத்து வாங்கி வந்தேன். மாட்டி முடித்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். வலப்பக்கப் பேனல் வெயிலில் வெளிறிய செங்கல் நிறம். இடப்பக்கப் பேனல் வற்றல் மிளகாயின் கருஞ்சிவப்பு. டேங்கின் மேற்பரப்போ இரண்டிலும் சேராத மூன்றாவது சிவப்பு.

அன்று தொடங்கிய வேலை எட்டு மாதம் இழுத்தது. அதில் பூச்சுக்கு ஆன நேரம் ஒன்றரை நாள். மீதிக் காலமெல்லாம் எந்தச் சிவப்பு, அதை எப்படி வரவழைப்பது என்பதிலேயே போனது. வீட்டிலேயே வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் பெயிண்ட் தெளிக்கும் கன், அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர், விலை ஆகியவற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவை எளிதில் தீரும் விஷயங்கள். நிறம்தான் கடினம். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கப் பேனலைக் கழற்றிக்கொண்டு பெயிண்ட் கலந்து தரும் ஒரு கடைக்குப் போனேன். மாலை ஏழு மணி. டியூப் லைட் வெளிச்சத்தில் ஷேடு புத்தகத்தைப் புரட்டி, கண்ணளவில் பொருத்தி, கலந்து, ஸ்பிரே டப்பாவில் அடைத்துக் கொடுத்தார்கள். பேனல் மீது ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். பேனலுக்கும் சொட்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டேங்கில் அடித்தேன். பகல் வெளிச்சத்தில் அது பழுப்பு நிறமாக இருந்தது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. இரண்டு பெயிண்டுகளில் உள்ள நிறமிகள் வேறு வேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிபவை இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். இதை மெட்டமெரிசம் என்பார்கள். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்தும் பெண்கள் இரண்டையும் வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கிறார்களே, அது இதற்காகத்தான். என் அம்மா நாற்பது ஆண்டுகளாகச் செய்யும் காரியம் அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்த அடி பெட்ரோல் பங்கில் விழுந்தது. டேங்க் நிரம்பி, மூடியைச் சுற்றிப் பெட்ரோல் வழிந்தது. துடைத்தபோது துணியோடு பெயிண்டும் சுருங்கிக்கொண்டு வந்தது. நிறத்துக்கு மேல் பளபளப்புக்காகப் பூசும் நிறமற்ற பூச்சுக்குக் கிளியர் என்று பெயர். சாதாரண ஸ்பிரே டப்பாவில் வரும் கிளியர், கரைப்பான் ஆவியாகி உலர்வதோடு நின்றுவிடும். பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். டேங்குக்கு ஹார்டனர் கலந்து இறுகும் டூ கே கிளியர்தான் வேண்டும். உலர்வது வேறு, இறுகுவது வேறு.

எங்கள் தெருவில் மகள் வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவர், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது ஆண்டு கன் பிடித்தவர். டேங்கைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் சுருங்கிய பெயிண்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“எந்தச் சிவப்பு வேண்டும் தம்பி? வண்டி பிறந்தபோது இருந்ததா, இன்றைக்கு இருப்பதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பாகத்துக்கு மட்டும் பூசுவதானால், பக்கத்தில் இருக்கும் வெளிறிய பாகத்தோடு அது சேர வேண்டும்; அதாவது இன்றைய நிறத்தைத்தான் கலக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பூசுவதானால் பிறந்த நிறத்துக்குப் போகலாம். இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனதுதான் என் முதல் பிழை என்றார். தொழிற்சாலைச் சிவப்பு எப்படி இருந்தது என்று எங்கே பார்ப்பது என்று கேட்டேன். டேங்கின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பல்சர் எழுத்தைக் காட்டினார்.

அந்த எழுத்துச் சின்னத்தை நெம்பி எடுக்கக் கூடாது. தகட்டில் கீறல் விழும். முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி, பசை இளகியதும் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பை அடியில் விட்டு, ரம்பம்போல இழுத்து அறுக்க வேண்டும். கடலூர்க்காரனான எனக்குத் தங்கூசி கிடைப்பது சிரமமில்லை. சின்னம் வந்ததும், பன்னிரண்டு ஆண்டு வெயில் படாத சிவப்பு எழுத்து வடிவிலேயே தெரிந்தது. அதை நான் அப்படியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷோரூமிலிருந்து ஓட்டி வந்த நாளில் பார்த்த நிறம் அதுதான்.

புதிய வால் பேனலை அதன் அருகே வைத்தேன். ஏறக்குறைய ஒன்றுதான், ஆனாலும் முழுதாக ஒன்றல்ல. டேங்க் இரும்பு, பேனல் பிளாஸ்டிக். இரும்பு பொறுத்துக்கொள்ளும் சூளைச் சூட்டை பிளாஸ்டிக் தாங்காது என்பதால் இரண்டுக்கும் பெயிண்டும் வேறு, சூடும் வேறு. போதாததற்கு இரண்டும் வேறு வேறு ஆண்டில் பூசியவை. ஆக நான்கு சிவப்பு. தொழிற்சாலை நிறம் என்பதே ஒரு புள்ளி இல்லை, ஒரு சிறிய வட்டம் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த வட்டத்துக்குள் விழுந்தால் போதும்.

புதிய பேனலைத் தொடாமல் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பூசுவது என்று முடிவு செய்தோம்: டேங்க், ஹெட்லைட் மூடி, முன் மட்கார்டு, வலப்பக்க வால் பேனல். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பாகங்களை ஒரே கலவையில், ஒரே நாளில் பூச வேண்டும். இடையில் சீட் போன்ற ஒரு கறுப்பு வந்துவிட்டால் சிறு வேறுபாட்டைக் கண் மன்னித்துவிடும்.

இனி சொல்லப் போவதுதான் இந்த எட்டு மாதத்தில் நான் கற்றவற்றில் மிக முக்கியமானது. இது மெட்டாலிக் நிறம். அதற்குள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவில் அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. கன்னிலிருந்து பெயிண்ட் ஈரமாகப் போய் விழுந்தால், அது உலரும் முன் செதில்கள் புரண்டு உள்ளே இறங்கிவிடும். நேரே பார்க்கும்போது நிறம் கறுக்கும். பாதி உலர்ந்த தூறலாக விழுந்தால் செதில்கள் மேலேயே நின்று வெளிச்சத்தைத் திருப்பும், நிறம் வெளுக்கும். அதே டப்பா, அதே கன், அதே கை. தூரத்தையும் காற்றழுத்தத்தையும், பெயிண்டை நீர்க்க வைக்கும் தின்னரின் அளவையும் மாற்றினால் வேறு நிறம். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அதிவேகமாகச் சுழலும் மணி வடிவக் கருவி, மின்னேற்றம் கொடுத்துப் பெயிண்டைத் தெளிக்கிறது. அங்கே செதில் படுக்கும் விதமும் நம் கன்னில் படுக்கும் விதமும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் சரியான நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்கினாலும் பொருந்தாமல் போகிறது. குறியீடு ஒரு தொடக்கம், அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. சிவப்பு, மூடும் வலிமை குறைந்த நிறம். அடியில் இருப்பது மேலே தெரியும். நிறத்துக்கு முன் அடிப்பூச்சாகப் போடும் பிரைமர் வெள்ளையாக இருந்து அதன் மேல் அடித்தால் ரோஜாச் சாயல் எட்டிப்பார்க்கும். கறுத்த சாம்பல் மேல் அடித்தால் ஆழம் வரும். பிரைமரைத் துருவுக்கான மருந்தாக மட்டுமே நான் நினைத்திருந்தேன். நிறத்தின் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன் அட்டை அடித்துப் பார்க்கச் சொன்னார் பெரியவர். அட்டை என்றால் காகித அட்டை இல்லை. பழைய எண்ணெய் டின்னை வெட்டி உள்ளங்கை அளவில் ஆறு தகரத் துண்டுகள் எடுத்தேன். டேங்கின் வளைவுக்கு ஏற்ப அவற்றை லேசாக வளைத்தேன். தட்டைத் துண்டில் நேர்ப்பார்வை நிறம் மட்டும்தான் தெரியும். வளைவில்தான் சாய்ந்து பார்க்கும்போது வரும் நிறமும் தெரியும். மெட்டாலிக்கில் இரண்டும் பொருந்த வேண்டும். இரண்டு துண்டுகளுக்கு வெள்ளை பிரைமர், இரண்டுக்கு வெளிர் சாம்பல், இரண்டுக்குக் கறுத்த சாம்பல். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கறுப்புக் கோடு போட்டேன். அந்தக் கோடு மறையும்வரை எத்தனை கோட், அதாவது எத்தனை முறை பூச்சு, ஆகிறது என்று எண்ண. ஒரு ஜோடியில் ஒன்றை ஈரமாகவும் மற்றதைத் தூறலாகவும் அடித்தேன். பிறகு எல்லாவற்றுக்கும் கிளியர். கிளியர் போடாத நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேலே பளபளப்பு ஏறியதும் அது ஒரு படி கறுத்து ஆழமாகும்.

இந்த முறை கடைக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். தகரத் துண்டுகளையும் புதிய வால் பேனலையும் எடுத்துக்கொண்டு, கலப்பவரை வாசலுக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நேர் வெயிலில் பார்க்கவில்லை. செதில் மினுக்கம் கண்ணை ஏமாற்றும். சுவரின் நிழலில், திறந்த வானத்து வெளிச்சத்தில் பார்த்தோம். தகரத்தில் அடித்திருந்த எங்கள் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தது; வேண்டியது நீலம் பக்கம் சாய்ந்த சிவப்பு. 50 மில்லியைத் தனியே எடுத்து, தராசில் கிராம் கணக்கில் எழுதி எழுதிச் சேர்த்தோம். கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் முழு டப்பாவில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது. மூன்றாவது திருத்தத்தில், கறுத்த சாம்பல் பிரைமர் மேல் மூன்று நடுத்தர ஈரக் கோட்டும், கடைசியாக எட்டி நின்று ஒரு தூறல் கோட்டும் அடித்த தகரம், பேனலோடு சேர்ந்துகொண்டது. தகரத்தைப் பேனல் மேல் வைத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தேன். விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. கடைக்காரருக்கும் மகிழ்ச்சி. தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அடிவேலையை விரைவாகச் சொல்கிறேன். அதில் பொறுமை தவிர வேறு மர்மம் இல்லை. டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, நிழலில் இரண்டு நாள் திறந்து வைத்தேன். காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கும். அதன் அருகே தீப்பொறி பறக்கும் எந்த வேலையும் கூடாது. பள்ளத்தைத் தட்டி எடுக்கும் டிங்கர் வேலையை நானே செய்ய முயலவில்லை. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கும் தூரம். உப்புக் காற்று டேங்கின் அடி விளிம்பில் பெயிண்டுக்குக் கீழே புகுந்து துருவை வளர்த்திருந்தது. கொப்புளத்தை உடைத்துப் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்தேன். பள்ளம் நிரப்பும் பட்டி வைத்த இடங்களை 180, 320 எண் உப்புத்தாளால் சமப்படுத்தி, நுண்கீறல்களை மூடும் சர்ஃபேசர் பூச்சுக்குப் பிறகு 600, 800 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கண்ணை நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண் விட்டதைக் கை பிடிக்கும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு, ஒட்டுவதற்கென்றே இருக்கும் தனி பிரைமர் முதலில் ஒரு மெல்லிய கோட். இல்லையென்றால் தோல் உரிவதுபோல உரிந்து வரும்.

ஆண்டுக்கணக்கில் நான் வண்டியைப் பளபளப்பாக்கும் சிலிகான் பாலிஷ் போட்டுத் துடைத்து வந்திருக்கிறேன். அது மட்கார்டில் பழிவாங்கியது. பிரைமர் விழுந்த இடத்திலெல்லாம் மீன் கண் போலச் சிறு சிறு வட்டக் குழிகள். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப்பசை நீக்கும் திரவத்தால் துடைத்தேன். அதற்கு இரண்டு துணி வேண்டும்: ஒன்று நனைத்துத் துடைக்க, மற்றது அது உலரும் முன் எடுக்க. ஒரே துணி என்றால் பசை இடம் மாறுகிறதே தவிர, போவதில்லை. தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். தாள் அந்தப் பசையை இன்னும் உள்ளே அழுத்திவிட்டது.

ஐப்பசி வந்துவிட்டது. பொறுக்க முடியாமல், மழை இல்லாத ஒரு நாளில் மட்கார்டுக்கு நிறம் அடித்தேன். பத்து நிமிடத்தில் அது பால் படர்ந்ததுபோல் வெளுத்தது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன் மேல் இழுத்துக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் டூ கே கிளியரின் ஹார்டனருக்கும் ஈரம் ஆகாது. பளபளப்பு மங்கும், நுண்குமிழி வரும். பெரியவர் தை பிறக்கட்டும் என்றார். காத்திருந்தேன். மூன்று மாதம் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த வேலைக்கு நாட்காட்டியைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

தை மாதத்தில் ஒரு காலை, பனி ஈரம் விலகிய ஒன்பதரை மணி. கடற்காற்று எழ இன்னும் நேரம் இருந்தது. மாடி அறையைக் கழுவி, தூசி எழாமல் இருக்கத் தரையை நனைத்து, இரண்டு பக்கச் சன்னலையும் திறந்து வைத்தேன். பாகங்களைக் கம்பியில் தொங்கவிட்டேன். வண்டியில் எப்படி நிற்குமோ அதே நிலையில். படுக்க வைத்து ஒன்றையும் நிறுத்தி வைத்து ஒன்றையும் அடித்தால் செதில்கள் வேறுவிதமாகப் படிந்து நிறம் மாறும்.

முகமூடி பற்றி ஒரு சொல். டூ கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கும்; ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும். துணியோ தூசி முகமூடியோ இதற்குப் போதாது. பட்டறைகளில் வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி போட வேண்டும் என்பதே முறை. அது எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நிறத்தை மட்டும் நான், கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியுடன், மாடி அறையில் அடித்தேன். கிளியரை, அந்த வசதி உள்ள ஒரு பட்டறையில் அன்று மாலையே கூலிக்கு அடித்து வாங்கினேன். முழுவதும் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காக நுரையீரலைக் கொடுக்க நான் தயாராக இல்லை; நீங்களும் கொடுக்காதீர்கள். பெரியவர் அந்தக் காலத்தில் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தவர். இரவில் அவர் இருமுவது எங்கள் வீடுவரை கேட்கும்.

கன்னில் 1.3 மில்லிமீட்டர் நாசில். காற்றழுத்தமும் தின்னர் அளவும் தகரத் துண்டின் பின்புறம் எழுதியிருந்தபடியே. ஒரு சாண் தூரம், முந்தைய வீச்சில் பாதி மேல் அடுத்த வீச்சு, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். கை வளைந்தால் நடுவில் ஈரமும் ஓரத்தில் தூறலும் விழும்; மெட்டாலிக்கில் அது புகைபோல் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே ஈரப் பளபளப்பு மங்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டேன். இரண்டாவது கோட்டில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. எடுக்கவில்லை. உலர்ந்த பின் நகத்தால் தட்டிவிட்டு அடுத்த கோட்டில் மூடினேன். மெட்டாலிக் நிறத்தைக் கடைசிக் கோட்டுக்குப் பிறகு தேய்க்கவே கூடாது. செதில் அறுபட்ட இடம் கிளியருக்கு அடியில் தழும்பாக நிற்கும். தேய்ப்பதென்றால் கிளியர் இறுகியபின் கிளியரை மட்டும்தான். டேங்கின் அடி விளிம்பில் கிளியர் சற்று வடிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து 1500, 2000 வாட்டர் பேப்பரில் நீவி, பாலிஷ் போட்டதும் அது காணாமல் போனது. பெட்ரோல் ஊற்றப் பத்து நாள் பொறுத்தேன். வாக்ஸ் ஒரு மாதத்துக்குப் பிறகுதான்.

பிறந்த நிறத்தையே திரும்பப் பூசியதால் எனக்கு அலுவலக வேலை எதுவும் இல்லை. வேறு நிறத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: வண்டியின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகி இருக்கிறது, அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ராணுவப் பச்சை என்று சிலர் ஆசைப்படும் ஆலிவ் பச்சையோ, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

வண்டியைப் பூட்டி முடித்த மாலை, பெரியவர் வந்து பின்னால் நின்று பார்த்தார். இடப்பக்கம் தொழிற்சாலை, வலப்பக்கம் நான். பின் விளக்குக்கு மேல் இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்து, குனிந்து, வெயில் பக்கமாகவும் நிழல் பக்கமாகவும் நகர்ந்து பார்த்தார். “வலப்பக்கம் ஒரு மயிரிழை கறுப்பு” என்றார். உண்மைதான். எனக்கும் தெரிந்தது. தேடினால் தெரியும்.

அந்தத் தகரத் துண்டைக் கறுப்புத் துணியில் சுற்றி பீரோவில் வெயில் படாமல் வைத்திருக்கிறேன். பின்புறத்தில் கலவையின் கிராம் கணக்கு, பிரைமரின் நிறம், காற்றழுத்தம், மூன்று ஈரம் ஒரு தூறல், நாள், நேரம் எல்லாம் எழுதியிருக்கிறது. அடுத்த முறை எந்தச் சிவப்பு என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.